அளவுப் புத்தகம்

பரவையில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் இளைஞர் இருக்கிறார். மென்பொருள் எழுதும் உத்தியோகம். ஒரு நாள் மாலை வந்து உட்கார்ந்து, "சார், செய்கிற வேலையைவிட, செய்ததாகக் குறித்து வைக்கிற வேலைதான் பெரிசாக இருக்கிறது" என்று அலுத்துக்கொண்டார். திரையில் மூன்று கட்டங்களாம்: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. சீட்டை நகர்த்தாவிட்டால் மேலதிகாரி கேட்பார். நகர்த்திவிட்டால் யாரும் கேட்பதில்லை!

எனக்குப் பெரியாற்று அணை நினைவுக்கு வந்தது.

1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை. 1887-ல் வேலை ஆரம்பம். 1895 அக்டோபரில் திறப்பு விழா. மேற்கே போன ஆற்றை மறித்து, ஒரு மைலுக்கும் மேல் மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பினார்கள். பென்னிகுவிக் தம் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல கட்டம் கிடைக்குமா? ஆனால் சர்க்கார் பணத்தில் நடந்த வேலை அது. சர்க்கார் பணம் என்றால் கணக்கு வேண்டும்.

பொதுப்பணித் துறையில் 'அளவுப் புத்தகம்' என்று ஒன்று உண்டு. பக்கங்களுக்கு எண் உண்டு. ஒரு தாளையும் கிழிக்கக் கூடாது. வேலை நடந்த இடத்திலேயே நீளம், அகலம், ஆழம் அளந்து எழுத வேண்டும். தப்பாக எழுதினால் சுரண்டி அழிக்கக் கூடாது. அடித்துவிட்டு, திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஏறாத வேலைக்குக் கூலி இல்லை. பொய் அளவு எழுதுகிறவர்களும் உண்டு. அதனால்தான் மேலதிகாரி சிலவற்றை மறுபடி நேரில் அளந்து பார்க்க வேண்டும் என்று விதி.

மென்பொருள் உலகத்துக்கும் இந்தத் தொல்லை வந்தது. 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நிபுணர்கள் கூடி, வேலைகள் தாமதமாவதையும் செலவு மீறுவதையும் சொல்லி வருந்தினார்கள். 1987-ல் லியான் ஆஸ்டர்வைல் என்ற அமெரிக்கப் பேராசிரியர், மென்பொருள் செய்யும் முறையையே ஒரு மென்பொருளாக எழுதலாம் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் முறையை எங்கே உட்கார்ந்து எழுதுவது? வேலைத் தலத்திலா, மேலதிகாரியின் மேஜையிலா? அளவுப் புத்தகம் பள்ளத்தின் கரையில் பிறந்தது. அதில் எழுதுவதற்கு முன் நாடாவைப் பிடித்தாக வேண்டும். இளைஞரின் சீட்டை நகர்த்த எதையும் அளக்க வேண்டியதில்லை.

இதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் அந்தப் புத்தகம் குறையே இல்லாததா, சார்?" என்று கேட்டார்.

குறை உண்டு. பெரியாற்றுக் காட்டில் மலேரியாக் காய்ச்சல் கூலிகளை வாரிக்கொண்டு போனது. எத்தனை கன அடி சுண்ணாம்புக் காரை போட்டார்கள் என்று எழுத அளவுப் புத்தகத்தில் இடம் உண்டு. போட்டவன் அன்று ராத்திரி நடுங்கினானா என்று எழுத அதில் பத்தி இல்லை.

பேரணையில் பிரியும் கால்வாய்த் தண்ணீர் மேலூர் வரை வயல்களை நனைக்கிறது. அந்தத் தண்ணீரில் விளைந்ததைச் சாப்பிடுகிற நமக்கு அந்தக் கூலிகளில் ஒருவன் பெயராவது தெரியுமா?

கருவி செய்கிறவர்கள் இரண்டு காரியம் செய்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். முதலில் வேலை நடக்கும் இடத்தில் ஒரு வாரம் உட்கார வேண்டும். பிறகு, தாங்கள் வரைந்த கட்டத்துக்குள் எந்த மனிதன் அடங்கவில்லை என்று பார்க்க வேண்டும்.

இளைஞர் எழுந்தார். மணி ஒன்பது. இன்னும் நான்கு சீட்டுகளை நகர்த்த வேண்டுமாம்.