நாலு போல்ட்டில் கழன்ற கூரை: ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கதை

கூரை இல்லாத கார் என்றதும் சினிமா ஹீரோ, ஊட்டி மலைப்பாதை, காற்றில் பறக்கும் துப்பட்டா என்று ஒரு பாட்டு சீன் மனசுக்குள் ஓடும். அதெல்லாம் காசுள்ளவர்கள் சமாச்சாரம் என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் தயாரான ஒரு சாதாரணக் குடும்பக் கார், ஒரு ஸ்பேனர் செட்டும் தூக்கிப் பிடிக்க நாலு பேரும் இருந்தால் கூரையில்லாத காராக மாறிவிடும். வெட்ட வேண்டாம், வெல்டிங் வேண்டாம். தலைப்பில் நாலு போல்ட் என்று போட்டது சும்மா ஒரு கெத்துக்குத்தான், எண்ணிக்கை கொஞ்சம் கூட இருக்கும். மற்றபடி விஷயம் உண்மை. அந்தக் காரின் பெயர் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

கூரையை ஏன் போல்ட் போட்டு வைத்தார்கள்? ஸ்டைலுக்காக இல்லை. காரணம் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கியதுதான். பி.காம். வகுப்பில் 'டேக்ஓவர்' பாடம் வரும்போது தூங்குகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் விழித்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் ஸ்டாண்டர்ட்-ட்ரயம்ப் என்ற கம்பெனி இருந்தது. இன்ஜினைச் சொந்தமாகச் செய்வார்கள். காரின் உடம்பை, அதாவது தகரப் பாடியை, ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற வெளிக் கம்பெனியிடம் வாங்குவார்கள். 1953ல் அந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை பி.எம்.சி. வாங்கிவிட்டது. பி.எம்.சி. என்பது ஆஸ்டினும் மாரிஸும் 1952ல் சேர்ந்து உண்டான பெரிய கை, ஸ்டாண்டர்டுக்கு நேர் போட்டியாளர். புது மாடலுக்கெல்லாம் இனிமேல் எங்களிடம் பாடி கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். மளிகைக் கடைக்காரருக்கு அரிசி போடுகிற மண்டியை எதிர்க் கடைக்காரர் வாங்கிவிட்ட மாதிரி நிலைமை.

மொத்த பாடியையும் ஒரே துண்டாக அடித்துத் தர ஆளில்லை. சரி, துண்டு துண்டாக வெவ்வேறு இடத்தில் செய்து வாங்கி, போல்ட் போட்டு மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அப்படி மாட்ட வேண்டுமென்றால் கீழே தனியாக ஒரு பலமான சேஸிஸ் வேண்டும். அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகளெல்லாம் தனி சேஸிஸை விட்டுவிட்டு, பாடியே சேஸிஸாக இருக்கும் முறைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்ட்-ட்ரயம்ப் வேறு வழியில்லாமல் பின்னோக்கிப் போனது. இத்தாலியின் ஜொவானி மிகெலோட்டி அதற்கு ஒரு அழகான உருவம் வரைந்து கொடுத்தார். 1959 ஏப்ரலில் ட்ரயம்ப் ஹெரால்ட் என்று வெளிவந்தது. அதே சேஸிஸ் மேல் செடானும் வைக்கலாம், கூரையில்லாத பாடியும் வைக்கலாம். பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏற்றி வேறு நாட்டில் கோர்க்கவும் சௌகரியம்.

இங்கேதான் சென்னை வருகிறது. ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1948ல் சென்னையில் தொடங்கியது. (அந்த ஆண்டு மார்ச் 3ஆம் தேதிதான் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் கிடையாது, ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள உதவும், அவ்வளவுதான்.) முதலில் வான்கார்ட் என்ற காரைக் கோர்த்து விற்றார்கள். 1961ல் ஹெரால்ட். இங்கிலாந்தில் 'ஸ்டாண்டர்ட்' என்றால் மட்டமான, சாதா மாடல் என்ற அர்த்தம் வந்துவிட்டதால் அந்தப் பெயரையே மெல்லக் கைவிட்டார்கள். நம்ம ஊரில் ஸ்டாண்டர்ட் என்றால் உசத்தி! அதனால் இங்கே ட்ரயம்ப் ஹெரால்ட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆனது.

அப்போது இந்தியாவில் வாங்கக் கிடைத்தவை மூன்றே மூன்று: அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட். மற்ற இரண்டும் பாடியே சேஸிஸான கார்கள். அம்பாசடரின் கூரையை அறுத்தால் நடுவில் தொய்ந்துபோய்க் கதவு மூடாது. கூரையும் சேர்ந்துதான் அதன் எலும்பு. ஹெரால்டில் எலும்பு கீழே தனியாகக் கிடக்கிறது, கூரை வெறும் தொப்பி. அம்பாசடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட், அதே பி.எம்.சி.யின் கார் என்பது இன்னொரு வேடிக்கை. அங்கே அவர்கள் கழுத்தை நெரித்ததால் போல்ட் போட்டுப் பிறந்த கார், இங்கே அவர்கள் வண்டியின் வாரிசோடு ஒரே ரோட்டில் ஓடியது.

கூரையைக் கழற்றுவது கண்ணுக்குத் தெரிகிற அதிசயம். உண்மையில் ஹெரால்ட் வைத்திருந்தவர்களை மெக்கானிக்காக மாற்றியது பானெட். மற்ற கார்களில் பானெட்டைத் தூக்கினால் ஒரு குழிக்குள் குனிந்து இன்ஜினைத் தேட வேண்டும். ஹெரால்டில் பானெட், இரண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒரே மூடியாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். இன்ஜின், முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, திண்ணையில் உட்கார்ந்து முறுக்கு பிழிகிற மாதிரி நிதானமாக வேலை பார்க்கலாம். கியர்பாக்ஸை இறக்கக் காருக்கு அடியில் படுக்க வேண்டாம். உள்ளே இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் மூடியை எடுத்தால் மேல் வழியாகவே வெளியே தூக்கிவிடலாம்.

புதுக்கோட்டை மாதிரி ஊரில் இதன் அருமை சென்னைக்காரர்களை விட அதிகம். பெரிய கடை வேண்டுமென்றால் திருச்சி, சுமார் 55 கிலோமீட்டர். கார் செய்த கம்பெனியோ ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தள்ளி. சின்னக் கோளாறுக்கு அவ்வளவு தூரம் போக முடியாது. டாப்பெட் இடைவெளி 0.010 அங்குலம், பாயின்ட், கார்புரேட்டர் சுத்தம், ஃபேன் பெல்ட். ஒரு ஃபீலர் கேஜும் பொறுமையும் இருந்தால் போதும், வீட்டு வாசலிலேயே முடிந்துவிடும். உதிரி பாகங்களும் மெல்ல மெல்ல உள்ளூரிலேயே கிடைக்கத் தொடங்கின. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949ல் வந்தது, பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். 1961ல், அதே பாடியில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1966ல் போல்ட் நட்டு செய்யத் தொடங்கியது. ஒரு காரைக் கழற்றி மாட்டுவதற்கான சாமான் எல்லாம் பதினேழு ஆண்டுக்குள் வடசென்னையைச் சுற்றியே முளைத்திருக்கிறது.

அடுத்தது, வேகம். இந்திய ஹெரால்டின் இன்ஜின் 948 சிசி, சுமார் 35 குதிரைத்திறன். இன்றைய கண்ணுக்கு இது பரிதாபம். ஆனால் இங்கிலாந்தில் இதே இன்ஜினுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர் மாட்டி, சுமார் 45 குதிரைத்திறன் எடுத்து விற்றார்கள். 1962ல் இதே சேஸிஸைச் சுருக்கி, 1147 சிசி இன்ஜின் போட்டு, ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரையே செய்தார்கள், 63 குதிரைத்திறன். லோட்டஸ் எலான் என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரின் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகமும் ட்ரயம்ப் சரக்குதான். ஆக, டாக்டர் குடும்பத்தைக் கோயிலுக்குக் கூட்டிப்போன வண்டிக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் எலும்பு ஒளிந்திருந்தது. அது தெரிந்த பையன்கள் சும்மா இருப்பார்களா?

இறக்குமதி லைசென்ஸ் காலத்தில் வெளிநாட்டுக் கார்புரேட்டர் வாங்குவது லேசான காரியம் இல்லை. அதனால் லேத் பட்டறைதான் கோயில். சிலிண்டர் ஹெட்டைக் கொஞ்சம் இழைத்து அழுத்தத்தைக் கூட்டலாம். ரொம்ப இழைத்தால் அந்தக் காலப் பெட்ரோலுக்கு இன்ஜின் 'கடகட' என்று தட்டும், பிஸ்டன் போய்விடும். சைலன்சர் குழாயை அகலமாக்கலாம். தேவையில்லாத கனத்தைக் கழற்றி வீட்டில் வைக்கலாம். கூரையும் அந்தக் கனத்தில் சேர்த்திதான்.

இந்த வித்தையெல்லாம் பரீட்சைக்குப் போன இடம் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் திறக்கும் காலம் வரைக்கும் தென்னிந்தியாவில் மோட்டார் பந்தயம் என்றால் சோழவரம்தான். அங்கே ஃபியட்டும் ஹெரால்டும் மோதிக்கொண்டன. நன்றாக டியூன் செய்த கை எது என்பதை அங்கே கடிகாரம் சொல்லிவிடும்.

எல்லாம் இனிப்பாகவே போனால் அது விளம்பரம், வரலாறு இல்லை. இந்தக் காரில் ஆளைக் கவிழ்க்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பின் சக்கரம். ஸ்விங் ஆக்ஸில் என்ற முறை. வளைவில் வேகமாகப் போய்ப் பாதியில் பயந்து காலை எடுத்தால், பின்பக்கம் மேலே எழும்பிச் சக்கரம் உள்பக்கமாக மடங்கும், கார் சுற்றிவிடும். அமெரிக்காவில் ரால்ஃப் நாடர் 1965ல் புத்தகம் எழுதிக் கிழித்த ஷெவர்லே கார்வேரிலும் இதே மாதிரி ஆக்ஸில்தான். ட்ரயம்பே 1970ல் ஸ்பிட்ஃபயரின் பின் வில்லை மாற்றி இதைச் சரிசெய்தது. 35 குதிரையில் தெரியாத இந்தக் குறை, இன்ஜினை மட்டும் முறுக்கிவிட்டுப் பின்பக்கத்தைத் தொடாமல் விட்டவர்களுக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் அது பராமரிப்பு செய்தவர்களையே தண்டித்தது. முன் சக்கரத்தின் கீழ்ப்பக்கம் ட்ரன்னியன் என்று ஒரு வெண்கலத் துண்டு, அதற்குள் ஒரு இரும்புத் தண்டு மரையில் சுழலும். அதற்குப் போட வேண்டியது கியர் எண்ணெய், மெக்கானிக்குகள் '90 ஆயில்' என்பார்களே அது. ஆனால் மற்ற கார்களின் பழக்கத்தில் கிரீஸ் கன்னை வைத்துக் கிரீஸை அடித்துவிடுவார்கள். கிரீஸ் கெட்டியாகி மரைக்குள் போகாது, மழைத்தண்ணீர் போகும், தண்டு துருப்பிடிக்கும். ஒரு நாள் வளைவில் பட்டென்று உடைந்து சக்கரம் மடிந்துவிடும். அக்கறையாகக் கிரீஸ் அடித்தவர் வண்டியே உடையும் என்பது கொஞ்சம் அநியாயம்.

நம்ம ரோடுகளுக்கு அந்த மென்மையான பின்பக்கம் ஒத்துவரவில்லை என்ற முணுமுணுப்பும் இருந்தது. 60களின் கடைசியில் இந்தியாவுக்கென்றே நாலு கதவு ஹெரால்ட் வந்தது, வேறெந்த நாட்டிலும் அது கிடையாது. 70களின் தொடக்கத்தில் வந்த கெஸலில் ஸ்விங் ஆக்ஸிலையே எடுத்துவிட்டு, மற்ற வண்டிகள் மாதிரி ஒரே நேர் ஆக்ஸில் போட்டார்கள். அரசு கார் விலையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த காலம் வேறு. எண்ணிக்கையில் சின்னக் கம்பெனிக்கு அது பலமான அடி. 1977ல் கெஸல் நின்றது. 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரோடு திரும்பி வந்து, 1988க்குள் மூடிவிட்டார்கள்.

கம்பெனி போனது. மிஞ்சிய கார்கள் இப்போது வேறு ஒரு சிக்கலில் நிற்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதி செய்தது. ஆர்.சி. புத்தகத்தில் 'சலூன்' என்று எழுதியிருந்தால் சலூனாகத்தான் ஓட வேண்டும். 2021ல் மத்திய அரசு 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு கொண்டுவந்தது. ஹெரால்டுகள் எல்லாம் வயதில் பாஸ். ஆனால் அதற்கும் சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்று நிபந்தனை.

கள்ளத்தனமாக அறுத்து ஒட்டிய வண்டிகளைத் தடுப்பது சரிதான், பாடியே எலும்பான இன்றைய கார்களில் கூரையை அறுப்பது கொலைக்குச் சமம். ஆனால் போல்ட்டைக் கழற்றுவதற்கென்றே போல்ட் போட்டுச் செய்த ஒரு காரை அதே தராசில் நிறுத்துவது எப்படி? தாத்தா 1966ல் கழற்றிப் பரணில் போட்ட கூரை துருப்பிடிக்காமல் இருந்தால் பேரனுக்குப் பிரச்சினை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைக் கூப்பிட்டு மறுபடி மாட்டிவிட்டு, டி.என். 55 ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். பழைய இரும்புக் கடையில் போட்டிருந்தால்தான் கஷ்டம்.