உருமாற்றக் கற்றல்: அறிவொளி இயக்கமும் ஆசிரியர் பயிற்சியும்

வயது வந்த ஒருவர் புதிதாக ஒன்றைக் கற்கும்போது இரண்டு வகை மாற்றங்கள் நிகழலாம். ஏற்கெனவே அறிந்தவற்றோடு இன்னொரு செய்தியோ திறனோ சேர்வது ஒரு வகை. தன்னைப் பற்றியும் தன்னைச் சுற்றியுள்ள உலகைப் பற்றியும் அதுவரை கொண்டிருந்த எண்ணமே மாறுவது மற்றொரு வகை. இந்த இரண்டாவது வகையைக் கல்வியியலார் உருமாற்றக் கற்றல் என்பர். இதைத் தமிழ்நாட்டில் பெரிய அளவில் காட்டிய நிகழ்வு, 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கம். அந்த இயக்கத்தின் வரலாற்றையும், அதன் பாடங்கள் ஆசிரியர் பயிற்சிக்கும் திருப்பூர் மாவட்டம் மங்கலம் போன்ற தொழில் ஊர்களுக்கும் எவ்வாறு பொருந்துகின்றன என்பதையும் இக்கட்டுரை கூறுகிறது.

கோட்பாட்டின் தோற்றம்

அமெரிக்கக் கல்வியாளர் ஜாக் மெசிரோ 1978இல் இக்கோட்பாட்டை முன்வைத்தார். குடும்பப் பொறுப்புகளால் படிப்பை நிறுத்தி, பல ஆண்டுகளுக்குப் பின் கல்லூரிக்குத் திரும்பிய பெண்களை அவர் ஆராய்ந்தார். அவருடைய மனைவியும் அவ்வாறு படிப்புக்குத் திரும்பியவர். இத்தகைய மாற்றம் பெரும்பாலும் ஒரு நிலைகுலைவில் தொடங்குகிறது என்றார் மெசிரோ. பழைய நம்பிக்கைகளால் விளக்க முடியாத ஒரு சூழலை மனிதர் சந்திக்கிறார், தன் நம்பிக்கைகளைக் கேள்விக்கு உட்படுத்துகிறார், பிறரோடு உரையாடுகிறார், புதிய பாத்திரம் ஒன்றை முயன்று பார்க்கிறார், இறுதியில் புதிய நோக்கோடு வாழ்க்கைக்குத் திரும்புகிறார். இவ்வாறு பத்துக் கட்டங்களை அவர் வகுத்தார்.

மெசிரோவின் சிந்தனையில் பிரேசில் நாட்டுப் பாவ்லோ ஃபிரெய்ரேயின் தாக்கம் உண்டு. ஃபிரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு நாற்பது மணி நேர வகுப்புகளில் எழுத்தறிவு புகட்டிய முயற்சி பெரும் கவனம் பெற்றது. அடுத்த ஆண்டு இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவர் சிறைப்பட்டு, பின் நாடு கடந்து வாழ நேர்ந்தது. மெசிரோ தனி மனிதரின் சிந்தனை மாற்றத்தை முதன்மையாகக் கண்டார். ஃபிரெய்ரே, ஒடுக்கப்பட்டோர் கூட்டாகத் தம் நிலையை உணர்ந்து மாற்றுவதைக் கல்வியின் நோக்கமாகக் கொண்டார். இந்த வேறுபாடு தமிழ்நாட்டு அனுபவத்தைப் புரிந்துகொள்ள உதவும்.

அறிவொளிக்கு முன்

உழைப்பையும் கல்வியையும் இணைக்கும் எண்ணம் கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் கோவையில் இராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவினார். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். காந்தியடிகள் 1937இல் முன்வைத்த ஆதாரக் கல்வியில் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. கைத்தொழில் வழியே கற்பிப்பது அக்கல்வியின் அடிப்படை.

நாடு தழுவிய தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர்களைச் சிறுவர் பள்ளியைப் போன்ற இரவு வகுப்பில் உட்காரவைத்து அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தது அதன் பொதுவான முறை. பல மையங்களில் வருகை நிலைக்கவில்லை.

1988 மே 5 அன்று தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டபின் அணுகுமுறை மாறியது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் ஆட்சியரகமும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் இணைந்து தன்னார்வலர்களைக் கொண்டு நடத்திய இயக்கத்தின் விளைவாக, 1990 பிப்ரவரியில் அம்மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த மாதிரியே தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1991 கணக்கெடுப்பின்படி அப்போது தமிழ்நாட்டின் எழுத்தறிவு 62.66 விழுக்காடு.

புதுக்கோட்டையும் சைக்கிளும்

புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் 1991இல் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர், ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், கிராமத்து இளைஞர்கள் எனப் பலரும் இதில் இணைந்தனர். தெரு நாடகமும் பாட்டும் வகுப்புக்கு முன்னால் ஊருக்குள் சென்றன. மரத்தடியிலும் வீட்டுத் திண்ணையிலும் வகுப்புகள் நடந்தன. பாடநூலின் தொடக்கச் சொற்களில் ஒன்று ‘பட்டா’. நிலமில்லாதவர்கள் நிறைந்த வகுப்பில் அந்தச் சொல்லே பேச்சைக் கிளப்பிவிடும் என்பது ஃபிரெய்ரே வழி வந்த எதிர்பார்ப்பு.

இயக்கத்தின் அடையாளமாக நிலைத்தது சைக்கிள். வகுப்புகளை நடத்திய பெண்கள் ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்தது. அதனால் சைக்கிள் கற்பதும் இயக்கத்தின் ஒரு பகுதியாயிற்று. சைக்கிள் வாங்கக் கடன் ஏற்பாடும் செய்யப்பட்டது. பெண்கள் சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன் கம்பியில் குழந்தையை உட்காரவைக்க முடிந்தது கூடுதல் வசதி. 1992 உலக மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிள் ஊர்வலம் சென்றனர். பத்து வயதுக்குட்பட்ட சிறுமியரை நீக்கிப் பார்த்தால், மாவட்டத்தின் கிராமப்புறப் பெண்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டனர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார்.

இங்கு மெசிரோ சொன்ன வரிசை தலைகீழாக நிகழ்ந்ததைக் காணலாம். அந்தப் பெண்கள் முதலில் தம் நம்பிக்கைகளை ஆராய்ந்து பார்த்து, அதன்பின் சைக்கிளில் ஏறவில்லை. முதலில் ஏறினார்கள். ஊரின் கேலியைத் தாங்கினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். ‘பெண்ணுக்கு எதற்கு இது’ என்ற கேள்வி அதன்பின் வலுவிழந்தது. செயல் முன்னும் சிந்தனை பின்னுமாக வந்தது. மாற்றம் தனித்தனியாக வராமல் கூட்டமாக வந்ததும் கவனிக்கத்தக்கது. ஒரு பெண் தனியாக ஓட்டியிருந்தால் ஊர் தடுத்திருக்கும். நூறு பேர் ஓட்டியபோது ஊர் பழகிக்கொண்டது.

கல்குவாரிகளிலும் இதே நிலை. கூலிக்குக் கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்குக் குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. எத்தனை லோடு போனது, எவ்வளவு பணம் வரவேண்டும் என்று தாமே கணக்குப் பார்க்க வேண்டிய நிலையில், எண்ணும் எழுத்தும் அவர்களுக்கு அன்றாடத் தேவையாயின. ஆனால் இந்த ஏற்பாடு ஒப்பந்ததாரர்களின் எதிர்ப்பைச் சந்தித்தது. நிர்வாகத்தின் ஆதரவு குறைந்தபோது ஆட்டம் கண்டது. கற்றவரின் மனம் மாறினாலும், அந்த மாற்றத்தைத் தாங்கும் பொருளாதாரப் பிடி இல்லாவிட்டால் அது நிலைப்பது கடினம் என்பதைக் குவாரி அனுபவம் காட்டுகிறது.

இயக்கத்தை நேரில் ஆராய்ந்த மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி, 2013இல் வெளியான தம் நூலில், கைநாட்டுக்குப் பதிலாகக் கையெழுத்திட்டு ஆட்சியரிடம் மனு கொடுப்பது கிராமத்துப் பெண்களுக்கு என்ன பொருள் தந்தது என்பதை விரிவாக விளக்கியுள்ளார். எழுத்தறிவு தானாகவே விடுதலை தந்துவிடும் என்ற நம்பிக்கையை அவர் கேள்விக்கும் உட்படுத்துகிறார்.

கற்பித்தவர்கள் கற்றது

அறிவொளியில் பெரிதும் மாறியவர்களுள் கற்பிக்கச் சென்றவர்களும் அடங்குவர். கல்லூரிப் பேராசிரியரான ச. மாடசாமி விருதுநகர் வட்டாரத்தில் இயக்கப் பணியாற்றினார். எழுத்துத் தெரியாதவர் அறிவு இல்லாதவர் அல்லர் என்பதை அங்கு கண்டவர் அவர். மக்களிடம் புழங்கிய சொலவடைகளும் விடுகதைகளும் கதைகளும் பாடப்பொருளாக மாறின. ‘சொலவடைகளும் சொன்னவர்களும்’ என்ற அவருடைய நூல் அந்த அனுபவத்தில் பிறந்தது. பின்னர் அவர் எழுதிய ‘எனக்குரிய இடம் எங்கே?’ வகுப்பறையில் மாணவருக்குரிய இடத்தைப் பற்றிப் பேசுகிறது. நெல்லையில் பணியாற்றிய எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தம் அறிவொளி அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ என்ற நூலாக எழுதினார்.

இயக்கத்துக்குச் சென்ற பள்ளி ஆசிரியர்கள், விருப்பமில்லாவிட்டால் எழுந்து போய்விடும் மாணவர்களைச் சந்தித்தார்கள். பிரம்பும் வருகைப் பதிவேடும் அங்கே பயன்படவில்லை. பேச வைத்தால்தான் வகுப்பு நடந்தது. மெசிரோ சொன்ன நிலைகுலைவு இதுவே.

ஆசிரியர் பயிற்சியில்

1986 கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் உருவாயின. திருப்பூர் மாவட்டத்துக்குரியது உடுமலைப்பேட்டை அருகே திருமூர்த்திநகரில் உள்ளது. வட்டார வள மையங்களும் குறுவள மையங்களும் பின்னர் வந்தன. கருத்தாளர் பேச, ஆசிரியர்கள் கேட்டுக் குறிப்பெடுத்துத் திரும்புவதே இங்கெல்லாம் நெடுநாள் வழக்கம். ஆசிரியரின் தகவல் கூடுமே தவிர, மாணவரைப் பற்றிய அவருடைய எண்ணம் இதனால் மாறுவது அரிது.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் வேறு வழியில் சென்றது. மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் இதன் முதன்மை ஊக்கி. ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப்புறக் கல்வி மையத்தில் நடப்பதை ஆசிரியர்கள் நேரில் பார்த்தனர். பின்னர் அட்டைகளையும் ஏணிப்படிகளையும் தாமே உருவாக்கினர். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் குழந்தைகளோடு உட்கார்ந்தார். கரும்பலகை குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. சைக்கிளைப் போலவே இங்கும் உடலின் இடம் முதலில் மாறியது, எண்ணம் பின்தொடர்ந்தது.

2007 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் இது விரிவுபடுத்தப்பட்டபோது, தாமே தேடி உருவாக்கியவர்களின் அனுபவம் மற்ற ஆசிரியர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு அட்டைகள் ஆயத்தமாக வந்து சேர்ந்தன; அதனால் பலருக்கு அது மேலிடத்து உத்தரவாகவே தோன்றியது. மனமாற்றத்தைச் சுற்றறிக்கையால் பரப்ப இயலாது.

திருப்பூரும் மங்கலமும்

நொய்யலை ஒட்டிய மங்கலம் விசைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். அருகிலுள்ள திருப்பூர் பனியன் தொழிலின் மையம். இப்பகுதியில் மக்கள் வாழ்க்கையை மாற்றிய கல்வி பெரும்பாலும் தறிக்கூடத்திலும் கம்பெனியிலும் கிடைத்தது. கைமடியாகச் சேர்ந்து டெய்லராகி, பின் சொந்தமாகக் கம்பெனி தொடங்கியவர்கள் உண்டு. உழவுக் குடும்பங்களிலிருந்து வந்த தொழிலாளர் எவ்வாறு முதலாளிகளாயினர் என்பதை ஷரத் சாரி 2004இல் வெளியான தம் ஆய்வு நூலில் விளக்குகிறார். உழைப்போடு சாதி உறவும் அதன் வழிக் கிடைத்த கடனும் நம்பிக்கையும் சேர்ந்தே அந்த ஏற்றத்தைத் தந்தன. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் அந்த ஏணி எளிதில் எட்டவில்லை. குவாரியில் கண்ட உண்மையே இங்கும் தெரிகிறது: திறமை மட்டும் போதாது, பிடித்து ஏற ஒரு பிடி வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் திருப்பூர் மாவட்ட எழுத்தறிவு ஏறத்தாழ 79 விழுக்காடு. மாநில அளவு 80ஐ ஒட்டியது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு நடக்கிறது. ஒன்றரை ஷிஃப்ட் முடித்து இரவில் வீடு திரும்பும் செக்கிங் பெண்ணுக்கு அரிச்சுவடியோடு வகுப்பு தொடங்கினால் 1978இன் அனுபவமே திரும்பும். பீஸ் ரேட் கணக்கு, வாரச் சம்பளச் சீட்டு, வருங்கால வைப்புநிதி எண், செல்போனில் வங்கிக் கணக்கு ஆகியவற்றில் தொடங்கினால் பேச்சு எழும். வேலை நேரத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டால் வருகையும் நிலைக்கும்.

முடிவுரை

தமிழ்நாட்டு அனுபவம் உருமாற்றக் கற்றல் கோட்பாட்டுக்கு இரண்டு திருத்தங்களைத் தருகிறது. பல நேரங்களில் செயலே முதலில் வந்து சிந்தனையை மாற்றுகிறது. மாறிய சிந்தனை நிலைக்க, கற்றவர் கையில் சைக்கிளோ குத்தகையோ கூலிக் கணக்கோ ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும். ஆசிரியருக்கும் இது பொருந்தும். தம் வகுப்பில் எதையேனும் மாற்றிப் பார்க்கும் உரிமை அவருக்கு இருந்தால்தான், பயிற்சியில் கேட்டது அவருடைய சொந்த அறிவாகும்.