ஊட்டியா, கோடைக்கானலா? இரண்டு கலெக்டர்களின் இரண்டு ஏரிகள்

ஊட்டி ஏரியும் கோடைக்கானல் ஏரியும் இயற்கையாக உண்டானவை என்றே நம் அங்கத்தினர்களில் பலர் நினைத்துக் கொண்டிருக்கக் கூடும். இரண்டுமே ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டு மனிதர்கள் உண்டாக்கியவை. உண்டாக்கிய இருவருமே ஜில்லா கலெக்டர்கள். அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிய எனக்கு இதில் ஒரு தனி சுவாரஸ்யம் உண்டு.

விஷயத்துக்கு வருவதற்குக் காரணம் என் மருமான். பெங்களூரில் இருக்கிறான். அவனும், அமெரிக்காவிலிருந்து வரும் என் மாப்பிள்ளையும், இன்னும் இரண்டு உறவுக்காரப் பையன்களும் கோல்ஃப் ஆடுகிறவர்கள். குடும்பத்தோடு ஒரு வாரம் ஏரியும் மலையும் கோல்ஃப் மைதானமும் சேர்ந்த இடமாகப் போக வேண்டும், ஊட்டியா கோடைக்கானலா என்று நீங்கள்தான் மாமா தீர்த்து வைக்க வேண்டும் என்று என்னிடம் விட்டு விட்டான். தில்லியிலிருந்து கிட்டத்தில் நைனிடால் இருக்கிறது. அங்கே இயற்கையான ஏரியும், ராஜ்பவனில் 1926-ல் அமைத்த கோல்ஃப் மைதானமும் உண்டு. ஆனால் பழநி ஆண்டவரையும் தரிசிக்க வேண்டும் என்பவர்களை நைனிடாலுக்கு எப்படி அழைத்துப் போவது?

எனக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது. லோதி ரோடு வாசத்தில் அந்த ஆட்டத்தோடு எனக்கிருந்த உறவு, பக்கத்தில் உள்ள தில்லி கோல்ஃப் கிளப்பின் மதிலை ஒட்டி நடந்ததோடு சரி. பழைய சமாதிக் கட்டிடங்களுக்கு நடுவே பந்து அடிக்கிற விநோதமான மைதானம் அது. இந்தியன் ஓப்பன் பந்தயம் 1964-ல் முதன்முதலில் அங்கேதான் நடந்தது; ஆஸ்திரேலியரான பீட்டர் தாம்ஸன் ஜெயித்தார். ஆட்டம் தெரியாதவன் தீர்ப்புச் சொல்வது எப்படி என்று யோசித்ததில், அந்த இரண்டு ஊர்களின் சரித்திரத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று பட்டது.

முதலில் ஊட்டி. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் ஸல்லிவன் 1819-ல் நீலகிரி மேல் ஏறினார். சில வருஷங்களில் தோடர்களிடமிருந்து நிலம் வாங்கிக் கல்லால் ஒரு வீடு கட்டினார். ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்ததாக எழுதியிருக்கிறார்கள். 1823-க்கும் 1825-க்கும் இடையில் ஏரியை அமைத்தார். அவர் மனதில் இருந்தது உல்லாசப் படகு சவாரி அல்ல. மலை நீரைத் தேக்கிக் கீழே சமவெளிப் பாசனத்துக்கு உதவ வேண்டும் என்பது நோக்கம். அது பெரிதாகக் கைகூடவில்லை. கரை மூன்று தடவை உடைத்துக் கொண்டு ஏரி காலியானதாகச் சொல்வார்கள்.

ஸல்லிவனிடம் எனக்கு மதிப்பு உண்டாக்கியது ஏரி அல்ல, அவர் எழுதிய ஃபைல். மலை நிலம் தோடர்களுடையது, ஈடு கொடுக்காமல் அதை எடுக்கலாகாது என்று பதவியில் இருந்து கொண்டே மேலிடத்தோடு வாதாடினார். கவர்னர் லஷிங்டன் வேறு அபிப்பிராயக்காரர். 1830-ல் மலையின் பெரும் பகுதியை மலபார் ஜில்லாவோடு சேர்த்து விட்டார்கள். ஸல்லிவனின் கையை விட்டுப் போயிற்று. உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இது எப்படிப்பட்ட நடவடிக்கை என்று நான் விளக்க வேண்டியதில்லை. 1838-ல் அவருடைய மனைவியும் மகளும் ஊட்டியிலேயே காலமானார்கள். ஸெயிண்ட் ஸ்டீஃபன்ஸ் சர்ச்சில் அவர்களை அடக்கம் செய்தார்கள். அந்த சர்ச் லஷிங்டன் கட்ட வைத்தது. அதன் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை. ஸல்லிவனுக்கு 2022 மே மாதம், ஊட்டியின் இருநூறாவது ஆண்டில், முதலமைச்சர் ஸ்டாலின் அங்கே சிலை திறந்து வைத்தார்.

பிறகு 1870-களிலிருந்து மதராஸ் அரசாங்கமே கோடைக்கு ஊட்டி ஏறத் தொடங்கியது. கவர்னர், செக்ரடேரியட், ஃபைல் கட்டு, குமாஸ்தாக்கள் எல்லாம் வருஷத்தில் பல மாதங்கள் மலையில். அரசாங்கம் போன இடத்துக்கு ரயில் பின்னாலேயே வரும் அல்லவா? 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை பல் சக்கர ரயில். 46 கிலோமீட்டர் தூரத்தில் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,200 மீட்டருக்கு ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் சுமார் பன்னிரண்டு அடி முன்னேறினால் ஓர் அடி ஏற்றம். யுனெஸ்கோ 2005-ல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

ஆனால் ராஜதானியாக இருந்ததற்கு ஏரி விலை கொடுத்தது. நிலம் வேண்டும் என்ற போதெல்லாம் ஏரியின் விளிம்பைத்தான் பார்த்தார்கள். ரேஸ் கோர்ஸ் வந்தது; பஸ் ஸ்டாண்டு வந்தது. இன்று மிஞ்சியது சுமார் 65 ஏக்கர். கோடப்பமந்து கால்வாய் ஊர்ச் சாக்கடையைக் கொண்டு வந்து சேர்க்கிறது. குத்தகை பாக்கி காரணமாக அந்த ரேஸ் கோர்ஸை அரசு 2024 ஜூலையில் திரும்ப எடுத்துக் கொண்டது. ஏரி இழந்ததில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்குமானால் நல்லது.

கோடைக்கானலின் கதை வேறு. லெப்டினண்ட் வார்டு 1821-ல் பழநி மலையை சர்வே செய்தார். ஆனால் குடியேறியது அரசாங்கம் அல்ல, மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள். சமவெளியில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் மனிதர்களைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். சிறுமலையை முயன்று பார்த்து, அங்கும் மலேரியா துரத்த, 1845-ல் கோடைக்கானலில் இரண்டு பங்களா கட்டினார்கள். 1863-ல் மதுரை கலெக்டர் வெர் ஹென்றி லெவிஞ் ஓடைக்குக் கரை போட்டு நட்சத்திர வடிவில் ஏரியை உண்டாக்கினார். நாலு வருஷம் கழித்து ஓய்வு பெற்று அங்கேயே குடியேறி, ஏரியில் மீன் விட்டு, தூத்துக்குடியிலிருந்து முதல் படகையும் வரவழைத்தார். ரிடையர் ஆனவர்கள் என்ன செய்வது என்று கேட்கும் நண்பர்கள் கவனிக்கலாம்.

கோடைக்கானலுக்கு இன்றுவரை ரயில் இல்லை. கோடை ரோடு ஸ்டேஷன் ஊரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். மோட்டார் ஏறும் மலைப்பாதையும் முதல் உலக யுத்த காலத்தில்தான் பூர்த்தியாயிற்று. அதுவரை நாற்காலியிலும் டோலியிலும் ஆட்கள் தூக்கிக் கொண்டு போனார்கள். இந்த அசௌகரியமே ஏரியைக் காப்பாற்றியது என்பது என் அபிப்பிராயம். அறுபது ஏக்கர், சுற்றி வர ஐந்து கிலோமீட்டர், நட்சத்திர வடிவம் அப்படியே.

இனி நான் சொல்ல வந்த முக்கிய விஷயம். இந்த இரண்டு மலைகளையும் ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையை என் மருமானுக்கு முன்பே ஒருவர் செய்திருக்கிறார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனில் ஏற்படும் மாறுதல்களுக்கும் மழைக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராய வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. அதற்கு ஓர் ஆய்வுக்கூடம் எங்கே வைப்பது? மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகம் கற்பித்த சார்லஸ் மிச்சி ஸ்மித் 1880-களில் நீலகிரி, பழநி இரண்டு மலைகளிலும் வானத்தின் தெளிவையும் காற்றின் அசைவின்மையையும் பகலிலும் இரவிலும் பரிசோதித்தார். 1893-ல் லார்டு கெல்வின் தலைமையில் கூடிய குழு கோடைக்கானலே என்று முடிவு செய்தது. அரசாங்கம் ஊட்டியைத் தேர்ந்தெடுத்தது, சூரியனுக்கோ கோடைக்கானல்!

அடிக்கல் 1895-ல் நாட்டினார்கள். நாட்டியவர் கவர்னர் வென்லாக். ஊட்டியின் கோல்ஃப் மைதானம் இருக்கும் வென்லாக் டௌன்ஸ் புல்வெளி இவர் பெயரில்தான். அதே 1895-ல்தான் கோடைக்கானல் கோல்ஃப் கிளப்பும் ஆரம்பமாயிற்று. ஆய்வுக்கூடம் 1901-ல் வேலையைத் தொடங்கியது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் ஓரப் பகுதியில் வாயு வெளிநோக்கி ஓடுவதை அங்கே கண்டுபிடித்தார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே பெயர். நெடுங்காலம் இது வானிலை இலாகாவின் கீழ் இருந்தது. 1971-ல்தான் தனி நிறுவனமாயிற்று. அந்த இலாகாவின் தலைமையகமான மௌசம் பவன் எங்கள் லோதி ரோடிலேயே இருக்கிறது.

கோல்ஃப் பற்றி விஞ்ஞான மாணவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இரண்டு ஊர்களும் 2,100 மீட்டருக்கு மேல். காற்றின் அடர்த்தி கடற்கரையை விட சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எதிர்ப்பு குறைவதால் பந்து கூடுதல் தூரம் போகும். ஆனால் பந்தின் சுழற்சியாலும் அதன் மேல் உள்ள சிறு குழிகளாலும் கிடைக்கும் தூக்கு விசையும் குறைகிறது. ஆகவே, காற்று குறைந்த அளவுக்குத் தூரம் கூடாது. இது இரண்டு ஊர்களுக்கும் பொது என்பதால் தீர்ப்புக்கு உதவவில்லை. இரண்டிலும் 18 குழிகள். இரண்டும் ஏரிக்கரையில் இல்லை, சில கிலோமீட்டர் தள்ளி. கோடைக்கானலில் காட்டுமாடுகள் மைதானத்துக்குள் மேய வரும். அவை நகரும்வரை ஆட்டக்காரர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே மருமானுக்கு எழுதி விட்டேன்: கோடைக்கானல், பிப்ரவரி மாதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். சீசன் கூட்டமும் இராது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்கும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஊட்டிக்கு நாளொன்றுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கோடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். ஏப்ரல், மே மாதங்களை நினைத்துக் கூடப் பார்க்க வேண்டாம் என்றேன்.

பையன்கள் பந்து அடிக்கும் நேரத்தில் பெண்மணிகளும் பெரியவர்களும் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகலாம். ஆஸ்திரேலியாவில் பிறந்து, இலங்கையின் ஸர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்து, லீலாவதி என்று பெயர் கொண்ட அம்மையார் 1936-ல் கட்டிய கோயில் அது. அங்கிருந்து பார்த்தால் கீழே பழநி தெரியும். நான் மட்டும் ஒரு காலை நேரம் ஆய்வுக்கூடத்துக்குப் போவதாக இருக்கிறேன். கூட வர மாப்பிள்ளையின் பன்னிரண்டு வயதுப் பெண் இப்போதே பெயர் கொடுத்து விட்டாள்.