பசுமைக்குடில்: குளிர்நாட்டுக் கண்ணாடியிலிருந்து மதுரை நிழல்வலை வரை

பசுமைக்குடில் என்பது ஒளி புகும் கூரையும் சுவர்களும் கொண்டு, பயிருக்கு வேண்டிய வெப்பம், ஈரம், காற்று ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் அமைப்பு. குளிர்நாடுகளில் வெப்பத்தைத் தேக்கி வைப்பதற்காக அது உருவானது. மதுரைச் சமவெளியில் அதற்கு நேர்மாறான பணி தேவைப்படுகிறது. திருப்பரங்குன்றத்தை அடுத்த திருநகரில் வீட்டுக் குடில் அமைக்கத் திட்டமிடுவோருக்கு இந்த வேறுபாடே அடிப்படையானது.

தோற்றம்

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமைப் பேரரசர் திபேரியசுக்காக வெள்ளரி வகைக் காய்களைச் சக்கரம் பொருத்திய பாத்திகளில் வளர்த்து, குளிர்காலத்தில் ஒளி ஊடுருவும் கல் தகடுகளால் மூடிக் காத்தனர் என்று பிளினி எழுதியுள்ளார். பிரிட்டனில் 1845இல் கண்ணாடி வரி நீக்கப்பட்டதும் கண்ணாடிக் கட்டடங்கள் பெருகின. கியூ தாவரத் தோட்டத்தின் பனை மாளிகை 1848இல் நிறைவடைந்தது. 1851இல் ஜோசப் பாக்ஸ்டனின் பளிங்கு மாளிகை இலண்டனில் திறக்கப்பட்டது.

இந்தியாவில்

1848இல் உருவான உதகமண்டலம் தாவரவியல் பூங்காவை வில்லியம் மெக்ஐவர் வடிவமைத்தார். குளிர்ந்த மலைப்பகுதி என்பதால் கண்ணாடிக் குடில்கள் அங்கே பொருந்தின. 1860இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து சின்கோனா கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் கொண்டுவந்தார். நீண்ட பயணத்திலும் செங்கடல் வெப்பத்திலும் நலிந்த அவை பிழைக்கவில்லை. ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்புரூஸ் திரட்டிய கன்றுகளே 1861இல் உதகையை நல்ல நிலையில் அடைந்தன. குளிரிலிருந்து காக்கும் கண்ணாடி, வெப்பத்திலிருந்து காப்பதில்லை.

பெங்களூரு லால்பாக் கண்ணாடி மாளிகைக்கு 1889 நவம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. மலர்க் கண்காட்சிகளால் அது புகழ்பெற்றது.

சோழவந்தான் கொடிக்கால்

வெப்பச் சமவெளிக்கு ஏற்ற குடில் மதுரை அருகிலேயே இருந்தது. வைகைக் கரைச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிகளை அகத்தி மரங்களில் ஏற்றி வளர்க்கின்றனர். அகத்தியே கொடிக்குக் கொழுகொம்பு. அதன் இலைகளே கூரை. கிளைகளைக் கழித்து ஒளியைக் கூட்டலாம், விட்டு வளர்த்துக் குறைக்கலாம். பாத்திகளுக்கு இடையே ஓடும் வாய்க்கால் நீர் காற்றைக் குளிர்விக்கிறது. சோழவந்தான் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

நெகிழியும் நிழல்வலையும்

1948இல் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் எமரி எம்மெர்ட் கண்ணாடிக்கு மாற்றாக நெகிழித் தாளைப் பயன்படுத்தினார். கட்டுமானச் செலவு குறைந்தது. இந்தியாவில் 2005இல் தொடங்கிய தேசிய தோட்டக்கலை இயக்கம் பசுமைக்குடிலுக்கும் நிழல்வலைக்குடிலுக்கும் மானியம் வழங்கியது. நெகிழிக் கூரை சூடான காற்றை வெளியேறவிடாது. நிழல்வலை வெயிலைத் தணித்து, காற்றைக் கடக்க விடும்.

திருநகரில் திட்டமிடல்

மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சியில் நிற்கும். எனவே பக்கச் சுவர்களைவிடக் கூரை நிழலே முதன்மையானது. தக்காளி, மிளகாய், கீரைக்கு 35 முதல் 50 விழுக்காடு நிழல் தரும் வலை போதும். பெரணி போன்ற நிழல் விரும்பிகளுக்கு 75 விழுக்காடு வேண்டும். கூரை உயரமாக இருந்தால் சூடான காற்று மேலெழும். பக்கங்களில் பூச்சித்தடுப்பு வலை கட்டலாம். ஆடிக் காற்றைத் தாங்கக் கால்களை உறுதியாக ஊன்ற வேண்டும்.

மொட்டைமாடியில் எடையைக் கணக்கிடுவது இன்றியமையாதது. ஒரு கன மீட்டர் நனைந்த மண் ஒன்றரை முதல் இரண்டு டன் வரை இருக்கும். தென்னை நார்க்கழிவு கலந்தால் சுமை குறையும். தொட்டிகளைத் தூண்கள், சுமைதாங்கும் சுவர்களின் மேற்பகுதியில் வைப்பது நல்லது.

குளிர்நாட்டுக் குடிலின் படத்தைப் பார்த்து முழுதும் மூடிக் கட்டினால், சித்திரை வெயிலில் செடிகள் கருகும், செலவும் வீணாகும். திருநகர் வீட்டுக் குடிலுக்கு நெருங்கிய முன்மாதிரி சோழவந்தான் கொடிக்கால்தான்.