ஏபியோஸ்: பயிராகாத ஒரு கிழங்கின் வரலாறு

வட அமெரிக்காவின் லாங் ஐலண்டில் ஆங்கிலேயர் குடியேறிய சவுதாம்ப்டன் என்னும் ஊர், 1654இல் ஒரு விதி இயற்றியது. ஊர் நிலத்தில் 'நிலக்கொட்டை' தோண்டும் பூர்வகுடியினர் முதன்முறை தொழுமரத்தில் மாட்டப்படுவர். மறுமுறை கசையடி பெறுவர். ஒரு கிழங்குக்கு இத்தனை கடுமையான தண்டனை ஏன்?

இந்த நிலக்கொட்டை தமிழர் அறிந்த நிலக்கடலை அன்று. ஏபியோஸ் அமெரிக்கானா என்னும் பல்லாண்டுக் கொடியின் கிழங்கு அது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இக்கொடி ஆற்றங்கரைகளிலும் ஈரப் புதர்களிலும் இயல்பாக வளர்வது. நிலத்தடித் தண்டில் மணிகளைக் கோத்தாற்போல் அமையும் இக்கிழங்கில் உருளைக்கிழங்கைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு புரதம் உண்டு.

1620இல் பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயரும் தொடக்க ஆண்டுகளின் பஞ்சத்தில் இதனை உண்டனர். 1675–76 போரில் பூர்வகுடியினரிடம் சிறைப்பட்ட மேரி ரோலண்ட்சன், அவர்களது முதன்மை உணவு இதுவே என 1682இல் வெளியான தம் நூலில் பதிவுசெய்தார். வயல்கள் அழிக்கப்பட்ட காலத்திலும் ஈரநிலம் அவர்களுக்குச் சோறிட்டது. ஆகவே கிழங்கு தோண்டும் உரிமையை மறுப்பது, நிலத்தின்மீது அவர்களுக்கிருந்த உரிமையையே மறுப்பதாயிற்று.

1845இல் உருளைக்கிழங்குக் கருகல் நோய் ஐரோப்பாவைத் தாக்கியபின், மாற்றுப் பயிராக ஏபியோஸ் அங்கே சோதிக்கப்பட்டது. முயற்சி நிலைக்கவில்லை. கிழங்கு பருக்க இரண்டு ஆண்டுகள் வேண்டும். கொடி படரக் கொழுகொம்பு வேண்டும். நிலத்தடித் தண்டு பாத்தியைக் கடந்து ஓடும். ஆண்டுதோறும் உழுது, வரிசையில் நட்டு, ஒரே பருவத்தில் அறுவடை செய்யும் முறைக்கு இது இணங்கவில்லை. 1980களில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிளாக்மன், ரெனால்ட்ஸ் ஆகியோர் பெருங்கிழங்கு வகைகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்தனர். ஜப்பானின் அவோமோரி பகுதியில் இது இன்று பயிராகவே விளைகிறது. வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்போர் ஈரமான மண்ணில் கிழங்கை ஊன்றி, பந்தலிட்டு, பரவலைத் தடுக்க ஓரங்களை அவ்வப்போது வெட்டுகின்றனர்.

வேளாண் வரலாறு இதனைக் 'காட்டுத் தாவரம்' என்று வகைப்படுத்திக் கடந்து செல்வது வழக்கம். அச்சொல் தாவரத்தின் இயல்பை மட்டும் சுட்டுவதன்று. தலைமுறைதோறும் ஒரு சமூகம் தேடிச்சென்று தோண்டிய நிலத்தை, எவரும் பேணாத வெறுநிலமாகக் காட்டவும் அது உதவியது. உழுத நிலமே உடைமை என்று கொண்டோர் எழுதிய ஆவணங்களில் தோண்டியோரின் உழைப்பு குற்றமாக மட்டுமே எஞ்சியது. ஆயினும், அந்நிலத்தை நம்பி ஒரு சமூகம் வாழ்ந்தது என்பதற்கு 1654ஆம் ஆண்டின் அத்தடை விதியே இன்று சான்றாக நிற்கிறது.