ஓர் இரவில் அரங்கேறிய இசை நாடகம்



வானொலியில் பேசுகிறவனுக்கு ஒரு கவலை எப்போதும் உண்டு. பேசி முடித்த மறுகணமே அவன் பேச்சு காற்றோடு கலந்துவிடுகிறது. இக்கவலை தோன்றும்போதெல்லாம், அமெரிக்கத் தொலைக்காட்சியின் இளமைக் காலத்தில் நிகழ்ந்த ஓர் அரங்கேற்றம் என் நினைவுக்கு வரும். அதன் வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

1955ஆம் ஆண்டில், மேடையில் நடந்து புகழ்பெற்ற 'பீட்டர் பான்' என்னும் இசை நாடகத்தை என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிப் பெருவெற்றி கண்டது. அதற்குப் போட்டியாக எதைச் செய்வது என்று சி.பி.எஸ். நிறுவனத்தார் சிந்தித்தனர். மேடை நாடகத்தை இரவல் வாங்காமல், தொலைக்காட்சிக்கென்றே புதிதாக ஒன்றை எழுதச் செய்தால் என்ன? இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராஜர்ஸும், பாடலாசிரியர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனும் அப்பணியை ஏற்றனர். 'ஒக்லஹோமா' முதலிய நாடகங்களால் அமெரிக்க இசை நாடகத்தையே புதுப்பித்த இரட்டையர் அவர்கள். சிண்டரெல்லாவின் கதையை எடுத்துக்கொண்டு, அதை நகைச்சுவை இழையோடும் நாடகமாக்கினார்கள். நாயகி ஜூலி ஆண்ட்ரூஸுக்கு அப்போது வயது 21. 'மை பேர் லேடி' நாடகத்தில் நடித்துக்கொண்டே இதற்கும் ஒத்திகை பார்த்தார்.

நியூயார்க்கில் முன்பு நாடகக் கொட்டகையாக இருந்த ஒரு கட்டடமே ஒளிபரப்பு நிலையம். இட நெருக்கடி மிகுந்த அவ்விடத்தில் அரண்மனையும், அடுப்பங்கரையும், இசைக்குழுவும், பெரிய வண்ணக் காமிராக்களும் அடங்க வேண்டும். மேடை நாடகங்களை முதலில் நியூஹேவன், பாஸ்டன் போன்ற ஊர்களில் நடத்திப் பார்த்துக் குறை களைவது அந்நாட்டு வழக்கம். இதற்கோ வெளியூர் ஏது? ஆகவே முழு ஒத்திகைகள் இரண்டைப் படம் பிடித்து, அவற்றுக்கு அவ்வூர்களின் பெயர்களையே சூட்டித் திருத்திக்கொண்டார்கள்.

1957 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை இரவு நாடகம் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. விளம்பரங்கள் உட்பட ஒன்றரை மணி நேரம். ஒருவர் வசனத்தை மறந்தாலும் திருத்த வழியில்லை. பார்த்தவர்கள் 10 கோடியே 70 லட்சம் பேர் என மதிப்பிட்டார்கள். அந்நாட்டின் மக்கள்தொகை அப்போது சுமார் 17 கோடி! 1,500 இருக்கைகள் கொண்ட அரங்கொன்றில் வாரம் எட்டுக் காட்சிகள் வீதம் இடைவிடாது நடத்தினாலும், அத்தனை பேர் பார்த்து முடிக்க 170 ஆண்டுகள் செல்லும்.

அவ்வளவு பேர் கண்ட காட்சி எவ்வாறு பாதுகாக்கப்பட்டது? வண்ணக் காட்சியை நாடாவில் பதியும் வசதி அன்று இல்லை. தொலைக்காட்சித் திரைக்கு எதிரே திரைப்படக் காமிராவை நிறுத்தி, தெரிவதைப் படமெடுக்கும் 'கினெஸ்கோப்' முறையே கையாளப்பட்டது. ஆகையால் இன்று எஞ்சியிருப்பது மங்கலான கறுப்பு வெள்ளைப் பிரதி மட்டுமே. அன்று பெரும்பாலான வீடுகளில் வண்ணப் பெட்டி இல்லை. எனவே அந்த வண்ணங்களைக் கண்டவர் சிலரே. அவையும் அன்றிரவோடு மறைந்தன.

1965இல் வேறு நடிகர்களுடன் இந்நாடகத்தை மீண்டும் தயாரித்து, வண்ண நாடாவில் பதிவு செய்தார்கள். 1974 வரை அது பலமுறை மறுஒளிபரப்பாயிற்று. ஒரு தலைமுறை அதையே அறிந்து வளர்ந்தது. பழைய பிரதியோ 2004ஆம் ஆண்டில்தான் மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தது. நாடகம் 2013இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையையும் அடைந்தது. மேடையிலிருந்து தொலைக்காட்சிக்குச் செல்வதே வழக்கமாயிருக்க, இது எதிர்த் திசையில் பயணம் செய்தது.

அந்தக் கறுப்பு வெள்ளைப் பிரதியை நான் பார்த்தபோது, அதன் மங்கலைச் சில நிமிடங்களிலேயே மறந்தேன். அடுப்படி நாற்காலியில் அமர்ந்து பாடும் அந்த இளம்பெண்ணின் குரல் தெளிவாகவே ஒலித்தது. கதையில் நள்ளிரவு மணி அடித்ததும் தேரும் பட்டாடையும் மறைகின்றன. ஒரு கண்ணாடிக் காலணி மட்டுமே எஞ்சுகிறது. ஆனால், அவளைத் தேடிக் கண்டுபிடிக்க அது ஒன்றே போதுமானதாயிருந்தது. பழைய படச்சுருளும், பழைய ஒலிப்பதிவும், பழைய கையெழுத்துப் பிரதியும் அத்தகைய காலணிகளே. உங்கள் வீட்டிலோ கல்லூரியிலோ அவற்றில் ஒன்று கிடந்தால், குறைபாடுடையதென்று எறிந்துவிடாதீர்கள். காலம் கழித்து ஒருவன் அதைக் கையிலேந்தித் தேடி வருவான்.