பிணக்கூறாய்வு

பிணம் + கூறு + ஆய்வு. கூறு என்றால் பகுதி; 'கூறுபோடுதல்' என்பதும் அதன் வழி வந்ததே. 'பிரேதப் பரிசோதனை'யில் உள்ள பிரேதம், 'அப்பால் சென்றது' என்று பொருள்படும் வடசொல். ஆங்கிலத்தின் 'ஆட்டாப்சி' கிரேக்க வேர் கொண்டது: தன் கண்ணால் காண்பது. குரோம்பேட்டை அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில், தாம்பரத்திலிருந்து வந்து காத்திருக்கும் குடும்பங்களுக்கு அது வெறும் 'போஸ்ட்மார்ட்டம்'.

எனக்குச் சரியாகப் படுவது கூறாய்வுதான். பாராகுவாட் என்ற களைக்கொல்லியால் இறந்தவரின் உடலில் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே சாட்சி சொல்கிறது. வாயிலும் உணவுக்குழாயிலும் அரித்த புண்கள். சிறுநீரகம், கல்லீரல் பழுது. நுரையீரல்தான் மிகக் கொடுமை: இந்த நஞ்சு அங்கேயே போய்ச் சேரும், சில நாள் உயிரோடிருந்தவருக்கு நுரையீரல் கனத்து, நார்பிடித்து இறுகியிருக்கும். நஞ்சை உறுதிசெய்ய உள்ளுறுப்புகள் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும்.

பாராகுவாட்டுக்கு முறிமருந்து கிடையாது. இலங்கை 2008 தொடங்கிப் படிப்படியாக இதைத் தடைசெய்தது. இந்தியா முழுவதும் தடை வர வேண்டும். களைக்கொல்லி வாய்க்குள் போய்விட்டால், வலி தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மனம் உடைந்திருந்தால் மனநல உதவி எண் 14416-ஐ அழைத்துப் பேசுங்கள்.